படகுக்குக் கம்பு கேட்ட மகனுக்கு

சாமி, நீ அனுப்பிய மூன்று கம்புகளின் படமும் வந்து சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. "பார்த்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்தவன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையே என்று உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். போனில் சொல்லக்கூடிய பதில் பாதிதான். மீதிப் பாதியை நான் ஆரம்பித்தால் நடுவில் நீ "விடுங்கப்பா, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முப்பது வருஷம் போர்வெல் வண்டியின் லீவரைப் பிடித்த கை இது. வலது கையில் மூன்று விரல் நுனி மரத்துப்போய்விட்டது. பேனா கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நீ கேட்ட கேள்வி பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. ஆழ்கடலுக்குச் சூரை மீன் பிடிக்கப் போகிற, உன் மாமனார் வீட்டு நாற்பதடிப் படகு. அதன் இரண்டு பக்கமும் கையை அகல விரித்தமாதிரி நீளக் கம்பு வேண்டும். தூண்டில் கயிறுகளை அந்தக் கம்பு வழியாகத் தள்ளி விட்டால் ஒன்றோடு ஒன்று சிக்காது, படகு கிளப்புகிற நுரைக்கு வெளியே தெளிந்த தண்ணீரில் இரை ஓடும். அந்தக் கம்பு அலுமினியமா, ஃபைபரா, உங்கள் ஊர் பட்டறைக்காரர் பற்றவைத்துத் தருகிற ஸ்டீல் குழாயா? பதினெட்டடியா, இருபத்திரண்டடியா? எங்கே ஊன்றுவது? இவ்வளவுதான் கேட்டாய். ஆனால் போனை வைக்கும் முன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, அதுதான் என்னை ஒன்பது நாளாகப் பிடித்து வைத்திருக்கிறது. "நான் தேர்ந்தெடுத்தா யாருக்காச்சும் காலு போயிருமுங்கப்பா. நீங்களே சொல்லிப்போடுங்க. கடல்ல அதை எறக்கறது ஏத்தறதெல்லாம் மச்சான் பாத்துக்குவாப்ல. நான் எஞ்சின் ரூம விட்டு வெளிய வரப்போறதில்ல." ஏழு வருஷமாக நீ எஞ்சின் அறையை விட்டு வெளியே வராமல் இருப்பதற்குக் காரணம் நான். அதை இந்தக் கடிதத்தில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கம்பைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். அதை முதலில் சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய், கம்பு விஷயத்தில் கோட்டை விட்டுவிடுவாய்.

திருச்செங்கோட்டுக்காரனுக்குக் கடல் சமாச்சாரத்தில் என்ன தெரியும் என்று உன் மாமனார் கேட்பார். நியாயம்தான். உன் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். கரையில் நின்றபடி வாயைப் பிளந்துகொண்டிருந்ததில் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. ஒற்றைச் செருப்போடு மண்டபத்துக்கு வந்தவனைப் பார்த்து அவர், "உங்க ஊர்ல ஆயிரம் அடி தோண்டுனாத்தான் தண்ணி. இங்க காலை நீட்டுனாலே போதும் பாத்தீங்களா, சம்பந்தி" என்றார். "குடிக்க ஆகுமாங்க?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பந்தியில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல மனுஷன். வேதக்காரப் பெண், மீன்பிடிக்கிற குடும்பம் என்று நம் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்று ஊரில் சொன்னார்கள், நீயும் காலில் விழுந்து கும்பிட்டாய். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்குக் குறுக்கே நிற்கிற தகுதி எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, கம்பு. கடல் தெரியாவிட்டாலும் குழாயும் ஊன்றுகாலும் எனக்குத் தெரியும். ஸ்டீல் குழாய் உறுதி, உள்ளூரிலேயே கிடைக்கும், உடைந்தால் அன்றைக்கே பற்றவைத்துவிடலாம். ஆனால் கனம். துறைமுகத்துக்குள் நுழையும்போது கம்பை நேராக நிமிர்த்தி வைப்பீர்கள் அல்லவா, அப்போது அவ்வளவு கனமும் படகின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் திரும்ப எழுந்திருக்க நேரம் எடுக்கும். மாஸ்டை, அந்த இரும்புக் கோபுரத்தை, மடக்காமல் தூக்கியபடி போர்வெல் வண்டியை ஓட்டினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் கம்பு வளையும், விட்டால் நிமிரும், துரு ஏறாது. ஆனால் வெயிலில் மேல்பூச்சு போய் நார் நாராகப் பிரியும், வருஷா வருஷம் தேய்த்துப் பூச வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. அலுமினியம் இரண்டுக்கும் நடுவில். கனம் குறைவு. ஒடிவதற்கு முன்னால் வளைந்து காட்டும். அதன் கேடு என்னவென்றால், உப்புத் தண்ணீரில் ஸ்டீல் போல்ட்டோடு ஒட்டிக் கிடந்தால் துளையைச் சுற்றிப் பொரிந்துபோகும். நடுவில் நைலான் வாஷர் போட்டால் தப்பிக்கலாம். நீளத்தைப் பொறுத்தவரை, கூடக்கூடக் கயிறு அகலமாக விரியும் என்பது உண்மைதான். ஆனால் கம்பு நாலடி நீண்டால் அதன் பாரம் நுனியில் தெரியாது, அடியில்தான் தெரியும். மீனின் இழுப்பு பெரிதில்லை, மீன் கடித்ததும் கயிறு கம்பில் இருக்கிற கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும் என்கிறாய். அலை இழுக்குமே? படகு புரளும்போதெல்லாம் அந்த அடிப்பாகத்தை ஒரு ஆள் பிடித்து உலுக்குவதாக நினைத்துக்கொள்.

அதனால் கம்பைவிடக் கம்பு ஊன்றுகிற இடத்தைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். மேல்தளத்து ஃபைபரில் நாலு ஓட்டை போட்டு முடுக்கிவிட்டால் போதாது. தளத்துக்கு அடியில் அகலமான தகடு இருக்க வேண்டும். பாரம் அந்தத் தகட்டில் பரவ வேண்டும். அந்தத் தகடு இன்னும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து படகை மந்திரிக்கிறார், அதற்குள் கம்பு நிற்க வேண்டும் என்று மச்சான் அவசரப்படுத்துகிறான், "இப்போதைக்குத் தகடு இல்லாம முடுக்கிட்டு அப்புறமா போட்டுக்கலாம்" என்கிறான் என்று சொன்னாய். அது மட்டும் வேண்டாம். ஃபாதரிடம் கம்பு இல்லாமலே மந்திரிக்கச் சொல். கடவுளுக்குக் கம்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "அப்புறமா" என்று சொல்லி வைக்கப்படுகிற ஊன்றுகால் என்ன செய்யும் என்று நான் பார்த்தவன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சேந்தமங்கலத்துக்கு மேற்கே அந்த மரவள்ளிக் காடு உனக்கு நினைவிருக்கும். மறந்திருக்கமாட்டாய். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் துளை போடுகிற முதல் ராடு மண்ணைத் தொட வேண்டும் என்பது காட்டுக்காரர் கண்டிப்பு. நம் தொழிலில் அது எல்லோருக்கும் உள்ளதுதான். ராகுகாலத்தில் தொட்ட போரில் தண்ணீர் வராது, புகைதான் வரும் என்பார்கள். வழியில் டயர் போய் நாம் போய்ச் சேரும்போதே மணி பத்து. தேங்காய் உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் வரப்பில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக் கடைசி வருஷம், லீவுக்கு வந்த நீ, வண்டியின் ஊன்றுகால்களை இறக்குகிற ஜாக்கி லீவரில் நின்றாய். செல்வராசு ராடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பதினாலு வருஷமாக என்னோடு இருந்த டிரில்லர். நான் இடது பக்கம் பின் ஜாக்கி அருகில். லீவரில் நிற்பவனுக்கு அந்த ஜாக்கி தெரியாது. கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சும் கேட்காது. கை காட்டுவதுதான் நம் பாஷை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு, விரித்து நிமிர்த்தினால் நிறுத்து. ஜாக்கிக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை வைத்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கை காட்டுவது அங்கே நிற்பவன் பொறுப்பு. அன்றைக்கு அது என் பொறுப்பு.

வரும்போதே காட்டுக்காரர் என் காதோடு சொன்னார். "அந்தாண்டப் பக்கம் பழைய கெணறு ஒண்ணு இருந்துதுங்க. தூத்து நாலு வருசமாச்சு. பாத்துக்குங்க." தூர்த்த கிணற்று மண் மேலே கல் மாதிரி இருக்கும், உள்ளே சோறு மாதிரி இருக்கும் என்று இந்தத் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே கட்டை ஒன்றல்ல, இரண்டு அடுக்கு போட வேண்டும். கட்டைகள் கூட வந்த லாரியில் கேசிங் குழாய்க்கு அடியில் கிடந்தன. எடுக்கக் கால் மணி நேரமாவது ஆகும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. காலால் மண்ணை ஒரு மிதி மிதித்தேன், கெட்டியாக இருந்தது. உன்னைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கீழே அமுக்கினேன். நீ இறக்கினாய்.

ஜாக்கி நிலத்தைத் தொட்டது, நின்றது, வண்டியின் பாரம் ஏறியதும் முழங்கால் அளவுக்கு உள்ளே போனது. வண்டி சாய்ந்தது. கழற்றி வைத்த ராடுகள் உருண்டன. செல்வராசின் வலது கால். சேலத்துக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் நீயும் பார்த்தது. நீ பார்க்காதது, என்னை. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை கம்மி என்று சொல்லி இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. அந்த நிலையில்தான் செல்வராசின் தம்பி வந்து "என்னுங்க ஆச்சு?" என்று கேட்டான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நிறுத்துன்னு கை காமிச்சேன். கட்டை எடுக்கலாம்னு திரும்பறேன், பையன் பாக்காம எறக்கிப்போட்டான்" என்றேன். நீ என் பின்னால்தான் நின்றிருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாய். "நிறுத்துன்னா காட்டுனீங்க? எனக்கு எறக்குன்னு பட்டுதுங்களேப்பா." வெயில் உன் கண்ணில் அடித்தது, புழுதி வேறு. அந்த இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன். "வெயில்ல உனக்குச் சரியாத் தெரியல சாமி. போகட்டும், உடு" என்று சொல்லி உன் தோளைத் தட்டினேன். அவ்வளவுதான். நீ நம்பிவிட்டாய். உன் கண்ணைவிட என் வாயை நம்பினாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஏழு வருஷத்தில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். காரணம் கேவலமானது. சின்னப் பையன் தெரியாமல் செய்தது என்றால் ஊர் மன்னித்துவிடும். முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் தெரிந்தே செய்தான் என்றால் மன்னிக்காது. இந்தக் கணக்கை என் வாய் எனக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டது. நான் நினைத்த மாதிரியே எல்லோரும் உன்னை மன்னித்தார்கள். "வேணும்னேவா பண்ணுச்சு கண்ணு? உடுங்க" என்றார்கள். செல்வராசே படுக்கையில் இருந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு "அழுவாத தம்பி" என்றான். மன்னிக்க மன்னிக்க நீ கூனிக்குறுகினாய். பரீட்சைக்குப் போகவில்லை. ஒரே மாதத்தில் டீசல் எஞ்சின் வேலைக்கு என்று தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாய். நான் தடுக்கவில்லை. நீ கண்ணில் படாமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது சாமி. ஏழு வருஷம் மறைத்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சோற்றைத்தான் தின்றேன். ருசி தெரியவில்லை என்பதைத் தவிர வேறொரு கெடுதலும் வரவில்லை. வண்டியை விற்றேன், கையில் உணர்ச்சி குறைந்தது, நீ ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்துபோனாய். எதற்கும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நீ போனில் சிரித்துக்கொண்டே "காலு போயிரும்" என்றாயே, அன்றைக்குத்தான் நெஞ்சில் ஏதோ இடறிய மாதிரி இருந்தது. பழைய விஷயம், அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். கம்பு வாங்குவதற்குக்கூட உன்னை நம்பாத ஆளாக நீ ஆகியிருக்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது.

முந்தாநாள் எருமப்பட்டிக்குப் போனேன். செல்வராசு இப்போது ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறான். "வாங்ணா" என்று எப்போதும்போல் கூப்பிட்டான், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவன் கை நிற்கவில்லை. கீறல் விட்டதை இந்தப் பக்கம், நல்லதை அந்தப் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டான். ஒரு அட்டை நிறைந்த பிறகு நிமிர்ந்தான். "உங்க பையன் கல்யாணப் பத்திரிகை வெக்க வந்துதுங்ணா. ஒரு மணி நேரம் வாசல்ல உக்காந்திருந்துது. நான் உள்ளாரயே படுத்துக்கிட்டு, ஊட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னேன். வாயில மன்னிச்சனே ஒழிய, அந்த மொகத்தப் பாக்க என்னால முடியல." அடுத்த முட்டையை எடுத்தவன் எந்தப் பக்கமும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அந்தப் பையனப் போயி நான் அப்பிடி உக்கார வெச்சுட்டனே. நீங்க எந்திரிச்சுப் போங்ணா." நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து, "மொதல்ல அதுகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டப் பொறவு பாத்துக்கலாம்" என்றான். பத்திரிகை வைக்கப் போனதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, எம்பையன் பொங்கலுக்குக்கூட ஊட்டுக்கு வாராம இருந்தது இதுக்குத்தானுங்களா?" ஆமாம் என்றேன். மடித்த துணியை எல்லாம் பிரித்து, மறுபடி முதலில் இருந்து மடித்தாள். ராத்திரிச் சோறு போட்டாள். இன்றைக்குக் காலையில் இருந்து என்னோடு பேசவில்லை. உனக்குப் போன் செய்ய வேண்டாம், கடிதம் போய்ச் சேரட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னால் அவள் அழுகையை நீ சமாதானப்படுத்த வேண்டிவரும். இந்த விஷயத்தை நீ யாரையும் சமாதானப்படுத்தாமல் கேட்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரியிடம் இதைப் படித்துக் காட்டு. ராத்திரியில் நீ ஏன் திடுக்கிட்டு எழுந்திருக்கிறாய் என்று போன முறை வந்தபோது அந்தப் பிள்ளை உன் அம்மாவிடம் கேட்டது. தெரிந்துகொள்ள அதற்கு உரிமை இருக்கிறது. என்னோடு நீ பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னிப்பு ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று உன்னை வைத்தே பார்த்துவிட்டேன்.

கம்பை நான் சொல்லப்போவதில்லை. மூன்றுக்கும் உள்ளதை மேலே எழுதியிருக்கிறேன். நீ எஞ்சின் அறையை விட்டு ஏறி வந்து, தளத்தில் நின்று, படகைப் பார்த்து, நீயே எடு. கடலில் அதை இறக்குவதும் நீயாகவே இரு, மச்சான் பக்கத்தில் நின்று கை காட்டட்டும். அன்றைக்கு உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கையிலும் இல்லை. இறக்கு என்றுதான் காட்டினேன். நீ சரியாகத்தான் பார்த்தாய் சாமி.